மேற்படியானுக்கு வைத்த பேனர்

1

சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்பில் குப்பை பிரிக்கும் நேரம். கொரியாவுக்கு வந்து, மகன் பிறந்து, அவன் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான்; இன்னும் இந்த ஊரில் எனக்கு நடுக்கம் தருவது இந்த ஒரு வேலைதான். பிளாஸ்டிக் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளை உரிக்க வேண்டும். மூடி தனி, பாட்டில் தனி. சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒரு எந்திரம் இருக்கிறது, அட்டையைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும், எடை போட்டுக்கொண்டு மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே காவலர் நிற்பார். வயதானவர், நல்ல மனுஷன். ஊறுகாய் பாட்டிலில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் மிச்சமிருந்தாலும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் என்னிடமே திருப்பிக் கொடுப்பார். திட்டினால்கூடத் தேவலை.

அன்றைக்குக் குடும்பத்தோடு முருங்கைக்காய்ச் சக்கையில் மாட்டிக்கொண்டோம். அது சாப்பாட்டு மிச்சமா, பொதுக் குப்பையா? காவலர் ஒரு சக்கையை எடுத்து முகர்ந்தார். இதைக் கடித்தீர்களா என்று கேட்டார். கடித்தோம் என்றேன். கடித்தபிறகு ஏன் முழுங்கவில்லை என்றார். இங்கே விதி என்னவென்றால், மாடு ஆடு தின்னுமென்றால் சாப்பாட்டு மிச்சம், தின்னாதென்றால் பொதுக் குப்பை. எங்கள் ஊர் ஆடு பேனரையே தின்னும் என்று சொல்ல, பேனருக்குக் கொரியச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து தேவராஜ் ஒரு படம் அனுப்பியிருந்தான். பஸ் நிறுத்தம், டீக்கடை, டீக்கடைக்கு மேலே ஒரு பிளக்ஸ் பேனர். பேனர் முழுக்க நான்.

என் கல்யாண ரிசப்ஷன் படம். கறுப்புக் கண்ணாடியைத் தேவராஜே கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தான். பக்கத்தில் நின்ற என் மனைவி சுகன்யாவை வெட்டியதில், அவள் கை மட்டும் என் தோளில் தங்கிவிட்டது. பின்னால் ஒரு சிங்கம். எழுத்து இது: "முகம் காட்டா எழுத்துச் சிங்கமே! யாரென்றே அறிய முடியாத எங்கள் மேற்படியானே! கொரியா வாழ் அண்ணன் செந்தில்வேலன் அவர்களின் வலைப்பூ இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைப்பதை முன்னிட்டு வாழ்த்தி வணங்கும் நண்பர்கள்."

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'மேற்படி' என்று ஒரு வலைப்பூ நடத்துகிறேன். அரசியல், மனித உரிமை, இரண்டையும் கிண்டலாக எழுதும் இடம். எழுதுகிறவன் பெயர் மேற்படியான். அந்த மேற்படியான் யாரென்பது உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரிந்த ரகசியமாக வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது. என் மனைவி, என் தங்கை, தேவராஜ். சனிக்கிழமை விடிந்ததும் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

மகன் கவின் எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. பேச்சிலும் சாப்பாடும் திட்டும்தான் தமிழில் தெரியும், மற்றதெல்லாம் கொரிய மொழி. இங்கே ஆள் முகம் போட்ட பெரிய பேனர் தேர்தல் காலத்தில்தான் தொங்கும், அதில் வேட்பாளருக்கு ஒரு எண்ணும் இருக்கும். ஆகவே அவன் கேட்ட கேள்வியில் தப்பே இல்லை.

"அப்பா, நீ எத்தனாம் நம்பர்?"

சுகன்யா படத்தை வாங்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டினதுதான் வெட்டினான், கையை மட்டும் எதுக்கு விட்டுவைத்தான் என்று கேட்டாள். நானும் சிரித்திருப்பேன். அதற்குள் பேனரின் அடிப்பக்கம் கண்ணில் பட்டுவிட்டது. நம் ஊர் வழக்கப்படி அங்கே வாழ்த்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக, பாஸ்போர்ட் அளவில். கடைசி முகம் என் தங்கை கலைச்செல்வி. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படம், நீலச் சட்டை, தலையில் வலைத் தொப்பி. அதன் கீழே:

"செய்தி உதவி: தங்கை கலைச்செல்வி, பி ஷிப்ட்."

முருங்கைச் சக்கையைக் காவலர் கையிலேயே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

2

இந்த வலைப்பூ எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் பயம் புரியும்.

நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தவன். அங்கே கிம் சார் என்று ஒரு கொரிய மேலாளர். எனக்குக் கொரிய மொழி கற்றுக்கொடுத்தவர் அவர்தான், கற்றுக்கொடுப்பது தெரியாமலே கற்றுக்கொடுத்தார். பிரஸ் எந்திரம் நின்றால் அவர் கத்துவார், நான் கேட்டுக்கொள்வேன். சில வருஷத்தில் சரளமாகப் பிடித்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் கம்பெனி என்னைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பியது.

வந்த முதல் வாரம் குடிவரவு அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் என் அம்மா வயதில் ஒரு அம்மாள். கொரிய மொழியில் மரியாதைக்கு அடுக்கடுக்காகப் படிகள் உண்டு. எனக்குத் தெரிந்தது கடைசிப் படி மட்டும். அதுதான் மொழி என்று நினைத்திருந்தேன். சிரித்த முகத்தோடு, தலையை நன்றாகக் குனிந்து, அந்த அம்மாளிடம் நான் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "ஏய், தூங்குறியா? கைய ஆட்டு, சீக்கிரம்." ஹாலே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த மொழியை எங்கே படித்தாய் என்று கேட்டார். இந்தியாவில், உங்கள் ஊர்க்காரரிடம் என்றேன். அவருக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. என் அட்டை சீக்கிரமே வந்துசேர்ந்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் ஒருநாள் தலைமை ஆபீசில் கிம் சாரையே பார்த்தேன். வராந்தாவைக் கூட்டுகிற அம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும் மெதுவாகத்தான் பேசினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரகடத்தில் இவர் கத்தினபோது அது இவர் சுபாவம் என்று விட்டுவிட்டோம். சுபாவமெல்லாம் ஒன்றுமில்லை, கத்தாமல் இருக்கவும் நன்றாகத் தெரிந்திருக்கிறது! அவரை மட்டும் சொல்வானேன், அங்கே நம்ம சூப்பர்வைசர்கள் அவரைவிட ஒரு கை கூடத்தான் கத்துவார்கள், அதுவும் செந்தமிழில்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் கம்பெனி வாசலில் தலையில் துணி கட்டிக்கொண்டு மைக் வைத்துப் போராடுகிறார்கள். ஒற்றை ஆளாகக்கூட அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பார்த்து வாயைப் பிளந்தது, நின்று முடித்துவிட்டு மறுநாள் அதே ஆள் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனதைத்தான்.

அந்த நாட்களில் கலைச்செல்வி தினமும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். அவள் அட்டையில் 'ட்ரெய்னி' என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் ட்ரெய்னிங் கொடுப்பவளும் அவள்தான். வருஷக்கணக்காக இப்படி. ஹாஸ்டல் கேட்டை எப்போது பூட்டுகிறார்கள், சாம்பாரில் என்ன மிதந்தது, ஓ.டி. வேண்டாம் என்றவளை எங்கே மாற்றினார்கள் என்று எல்லாம் சொல்லுவாள். அழுதுகொண்டு சொல்ல மாட்டாள். சூப்பர்வைசர் குரலில் பேசிக் காட்டுவாள். பஸ்ஸில் பின்னால் இருக்கிற பெண்கள் சிரிப்பதும் சேர்ந்து கேட்கும்.

அதைப் போன வருஷம் நான் அரசாங்க அறிக்கை மாதிரி எழுத ஆரம்பித்தேன். எதையும் திட்டக் கூடாது, எல்லாவற்றையும் பாராட்ட வேண்டும் என்பதுதான் வலைப்பூவின் ஒரே விதி. அவள் லைனில் பெண்கள் கழிவறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். நீல பிளாஸ்டிக்கில், கயிறு கோத்து, சூப்பர்வைசர் மேசையில் தொங்கும். போகிறவள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து தொங்கவிட்டால்தான் அடுத்தவள் போகலாம். மேற்படியான் இப்படி எழுதினான்: "மகளிரிடையே பொறுமை, விட்டுக்கொடுத்தல் ஆகிய பண்புகளை வளர்க்கும் உயரிய நோக்கில் ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன் வழங்கி நிர்வாகம் சாதனை படைத்துள்ளது. இதனால் தண்ணீர்ச் செலவும் கணிசமாகக் குறைந்துள்ளது, ஏனெனில் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை."

எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் ஒரே பஸ் நிழற்குடையை இரண்டு தடவை திறந்துவைத்தார். அதற்கும் எழுதினேன்: "முதல் முறை சரியாகத் திறந்திருக்காதோ என்ற பொதுமக்களின் ஐயத்தை இதன்மூலம் போக்கியருளினார்."

கம்பெனிப் பெயரை நான் எழுதியதே இல்லை. லைன் பெயர், ஷிப்ட், ஆள் அடையாளம் எதுவும் இருக்காது. அவ்வளவு ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதையை எட்டுக்குப் பத்து அடியில் அச்சடித்துத் தொங்கவிட்டான் என் நண்பன்.

3

தேவராஜ் சுங்குவார்சத்திரத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், எல்லாம் அவன் கடைதான். ஒருவன்மேல் பாசம் வந்தால் அவனுக்கு வேறு எப்படியும் காட்டத் தெரியாது. மேற்படியான் எழுதியதை ஒன்று விடாமல் படித்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். ஒவ்வொன்றின் கீழும் "சூப்பர் மச்சி" என்று கருத்துப் போடுவான்.

போனை எடுத்ததும் நான் கத்தினேன், கிம் சார் தமிழில் கத்துகிற மாதிரி. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"இன்னா மச்சி, சிங்கம் புடிக்கலியா? புலி வெச்சிரலாம்."

ரகசியம் என்று சொன்னேனே என்றேன். ரகசியம் என்பதால்தான் கறுப்புக் கண்ணாடி போட்டேன் என்றான். என் தங்கச்சி படத்தை எதுக்குடா போட்டாய் என்றேன். அங்கேதான் அவனுக்கே வருத்தம் வந்துவிட்டது. உழைத்த பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு உன் பெயரை மட்டும் போட்டால் நன்றாகவா இருக்கும், எங்கள் தொழிலில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஆயுசுக்கும் பகை என்றான்.

உடனே கழற்று என்றேன். அதுதான் முடியாது என்றான். ஏன்? பேனரின் வலது மேல் மூலையைப் பார்க்கச் சொன்னான். பெரிதாக்கிப் பார்த்தேன். கை கூப்பிய கவுன்சிலர்! நான் எழுதிய நிழற்குடைப் புகழுரையை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மனுஷன் உருகிப்போய்விட்டாராம். இத்தனை வருஷத்தில் நான் இரண்டாம் தடவை திறந்துவைத்ததைக் கவனித்து எழுதியவன் இவன் ஒருத்தன்தான் என்றாராம். பேனர் விஷயம் காதில் விழுந்ததும் தன் படத்தை ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கம் ஒரு பேனர் வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். கவுன்சிலர் முகம் இருக்கிற பேனரைக் கழற்ற வேண்டுமென்றால் ஊரையே கேட்க வேண்டும். கழற்றினவன் எந்தக் கட்சி, யார் தூண்டினது, எவ்வளவு நாளாக இந்தப் பகை என்று பேச்சு மணிமங்கலம் வரைக்கும் போகும். தங்கச்சி முகத்தின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு என்று கெஞ்சினேன். ஒட்டினால் கண்ணீர் அஞ்சலி மாதிரி ஆகிவிடும், நல்ல காரியத்தில் வேண்டாம் என்றான்.

4

திங்கட்கிழமை கலைச்செல்விக்கு கன்ஃபர்மேஷன் இன்டர்வியூ. அதுதான் எனக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போனதற்குக் காரணம். அன்றைக்கு எச்.ஆர். அதிகாரி கையெழுத்துப் போட்டால் அவள் நிரந்தரம். ட்ரெய்னி என்கிற அட்டை போய்விடும். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் ஒரு ஜுரத்துக்குக்கூட லீவு போடலாம். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேரைச் சும்மாவே நிறுத்திவிட்டார்கள். இவள் விஷயத்தில் சும்மாவும் இல்லை, காரணம் பஸ் நிறுத்தத்தில் தொங்குகிறது. கம்பெனி பஸ் அத்தனையும் அதற்கு அடியில்தான் போகிறது.

அவளைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டாளாம்.

"என் போட்டோ இன்னாண்ணா அவ்ளோ சின்னதா போட்டுகிறான்? தொப்பி வேற. வூட்ல நல்ல போட்டோ எவ்ளோ கீது."

எனக்கு அழுகை வந்தது, அவள் சிரித்தாள். நான் திட்டத்தை விளக்கினேன். எச்.ஆர். கேட்டால், எனக்கு ஒன்றுமே தெரியாது சார், அந்தக் கடைக்காரர் கேட்காமல் படத்தைப் போட்டுவிட்டார், அண்ணன் கொரியாவில் எதையோ கற்பனை பண்ணி எழுதுகிறான், அவனோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லிவிடு. தேவைப்பட்டால் என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வலைப்பூவையும் நான் அழித்துவிடுகிறேன். சரிண்ணா, சரிண்ணா என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் மட்டும், டோக்கன் பற்றி எழுதியதை அழிக்காதே, அது நன்றாக வந்திருந்தது என்றாள்.

ஞாயிறு முழுக்க வீட்டில் அந்தப் பேச்சுதான். கவின் அத்தையிடம் வீடியோவில் பேசினான். பேசினான் என்றால், போனைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் போட்டுவிட்டுக் கொரிய மொழியில் ஏதோ சொன்னான். அத்தை தன் மொழியில் ஏதோ சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாக வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் இதைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகும், பிள்ளை கைவிட்டுப் போகிறானே என்று. அன்றைக்கு அதற்குக்கூட நேரமில்லை.

5

திங்கட்கிழமை நடந்ததைக் கலைச்செல்வி பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள், வழக்கம்போல ஆளுக்கு ஒரு குரலில்.

ஷிப்ட் ஆரம்பித்ததிலிருந்து லைனில் டோக்கனுக்கு அவள் முறை வரவில்லை. வந்தது டீ இடைவேளைக்குப் பிறகு. கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதி தூரம் போவதற்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்து, எச்.ஆர். உடனே கூப்பிடுகிறார் என்றான். இருங்க வந்துடறேன் என்றதற்கு, உடனே என்றால் உடனே என்று நேராக அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டான்.

எச்.ஆர். அதிகாரி கோபமாக இல்லையாம், அதுதான் பயமாக இருந்தது என்றாள். மேசையில் கன்ஃபர்மேஷன் தாள், பக்கத்தில் மேற்படியான் எழுதியதெல்லாம் அச்செடுத்து வைத்திருந்தார். தண்ணீர் வேணுமா என்று கேட்டார். வேணாம் சார் என்றாள். குடும்பத்தை விசாரித்தார், அண்ணன் சௌக்கியமா என்றார், உன் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்றார். இப்படியே நேரம் போனது. அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "பாரும்மா, உன் எதிர்காலத்தை நான் கெடுக்க விரும்பல. இந்த டோக்கன் அது இதுன்னு எழுதியிருக்கறதெல்லாம் பொய்யின்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நான் இங்கயே கையெழுத்துப் போட்டுடறேன். நம்ம கம்பெனியில அப்படி ஒரு டோக்கனே கிடையாது, உனக்கே தெரியும்."

பேனாவையும் நீட்டினார். கலைச்செல்வி வாங்கிக்கொண்டாளாம். நான் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்ததாம்.

அப்போது மேசைமேல் இருந்த இன்டர்காம் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். லைன் சூப்பர்வைசர்.

"சார், கலைச்செல்வி அங்க இருந்தா டோக்கனை மட்டும் குடுத்து அனுப்புங்க சார். இங்க லேடீஸ் எல்லாம் சத்தம் போடறாங்க."

இந்த இடத்தில் வாய்ஸ் மெசேஜில் பஸ்ஸே சிரிக்கிறது, கலைச்செல்வியும் சிரிக்கிறாள். அப்புறம் குரலை மாற்றாமல், தன் குரலிலேயே சொன்னாள். அதிகாரியின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம். பேனாவை மேசையில் வைத்தாளாம். அடையாள அட்டைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த நீல டோக்கனைக் கழற்றித் தாளின் மேல் வைத்தாளாம்.

"இத்தப் பொய்யின்னு நான் எப்டி சார் எழுதித் தர்றது? கழுத்துலயே மாட்டிக்கினு குந்தினு கீறேன். நானே இன்னும் போவல சார்."

அண்ணனிடம் சொன்னது நீயா என்று கேட்டார். ஆமா சார், நான்தான் என்றாள். முடிவை அப்புறம் சொல்கிறோம், போம்மா என்றார். டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நேராக எங்கே போனாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் அலுவலகப் படிக்கட்டில் நின்று இதைக் கேட்டேன். பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்தால் யாரும் பேனரில் சிங்கத்தை வைக்க மாட்டார்கள்.

6

மறுநாள் லைனில் இந்தக் கதை சுற்றிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரி என்கிற பெண், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவள், கலைச்செல்விக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். செய்தி உதவி என்று உங்க பேர மட்டும் போட்டா நாயமா, அந்த சாம்பார் கதையச் சொன்னது நாந்தானே என்று சண்டை. "எம் போட்டோவையும் போடச் சொல்லுங்கக்கா. எங்கம்மா ஊர்ல காட்டணும்லா." பக்கத்தில் இருந்தவள், ஹாஸ்டல் கேட் விஷயம் என்னுடையது என்றாள். அதற்கு அடுத்தவள், ஓ.டி. சங்கதிக்கு நான்தான் சாட்சி என்றாள். ஒருத்தி பெயர் மட்டும் இருந்தால் ஒருத்தியை அனுப்பிவிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போட்டோவைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டார்களாம்.

தேவராஜுக்கு அன்று சாயங்காலம் படங்கள் வந்து குவிந்தன. எல்லாம் கம்பெனி அடையாள அட்டைப் படங்கள், நீலச் சட்டை, வலைத் தொப்பி. அவன் தொழிலில் இத்தனை முகத்தை ஒரே பேனரில் அடுக்கியதில்லையாம். எனக்குப் போன் பண்ணி, இடம் பத்தவில்லை மச்சி, சிங்கத்தை எடுத்துவிடட்டுமா என்று அனுமதி கேட்டான். முதல் பேனருக்குக் கேட்காத அனுமதி. எடு என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினார்கள். கவுன்சிலருக்கு ஒன்றும் வருத்தமில்லை. இத்தனை பெண்கள், இத்தனை ஓட்டு என்று பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு பெரிய படமாகக் கொடுத்தார். கம்பெனியிலிருந்து வந்து யாரோ பேனரைக் கழற்றச் சொன்னார்களாம். டீக்கடைக்காரர் மேலே கவுன்சிலர் படத்தைக் கைகாட்டி, அண்ணன் இருக்காரு, அவரைக் கேட்டுக்குங்க என்றாராம். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

டோக்கன் இப்போது இல்லை. எடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அது தொங்கிய ஆணி மட்டும் இருக்கிறது. அதில் ஒரு அறிவிப்பை மாட்டியிருக்கிறார்கள்: "ஊழியர்களின் நலனில் என்றும் அக்கறை கொண்ட நிர்வாகம், சுகாதாரத் தேவைகளுக்கான எளிய நடைமுறையைப் பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறது." படம் எடுத்து அனுப்பியிருந்தாள். படித்ததும், இதை நான் எப்போது எழுதினேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கன்ஃபர்மேஷன் வரவில்லை. "மேலும் சில காலம் பணித்திறன் கவனிக்கப்படும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கேட்டதும் அவளைக் கூப்பிட்டேன். எல்லாம் என்னால்தான், பேசாமல் அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்திருக்கலாமே கலை என்று புலம்பினேன். பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் கொஞ்சம் கோபமாகவே பேசினாள்.

"ண்ணா, இன்னாத்துக்கு நீ அழுவற? நான் இன்னும் ட்ரெய்னிதான், சரி. ஆனா இப்ப தண்ணி குடிக்கிறோம்ணா. லைன்ல எல்லாருகிட்டயும் ஒரு பாட்டில் கீது."

இதுதான் 'மேற்படி'யின் அறிமுகம். முதல் வருஷமே எழுதியிருக்க வேண்டியது, எழுதுகிற ஆள் யாரென்று சொல்ல முடியாததால் எழுதவில்லை. புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இங்கே யாரையும் திட்ட மாட்டோம், பாராட்டித்தான் எழுதுவோம். பாராட்டு உங்களைப் பற்றி என்று தோன்றினால் கவுன்சிலர் மாதிரி சந்தோஷப்படுங்கள். மேற்படியான் யார் என்று கேட்டால் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அண்ணாந்து பாருங்கள்.

புதுப் பேனரின் படத்தைக் கவினிடம் காட்டினேன். விரலால் முகம் முகமாகத் தடவிக்கொண்டே போய் அத்தையைக் கண்டுபிடித்தான். இந்தத் தடவை தொப்பி இல்லை, வீட்டில் எடுத்த நல்ல படம், மேல் வரிசையில் நடுவில். இத்தனை பேரும் நிற்கிறார்களா என்று கேட்டான், பாதி தமிழில். ஆமாம், நிற்கிறார்கள் என்றேன். நீ எங்கே என்றான். நானும் அப்போதுதான் தேடினேன். கறுப்புக் கண்ணாடி போன இடம் தெரியவில்லை. கடைசி வரிசையின் கடைசியில், பாஸ்போர்ட் அளவில், தோளில் சுகன்யாவின் கையோடு இருந்தேன். அதன் கீழே தேவராஜ் ஒரு பெயரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான்:

"தட்டச்சு உதவி: அண்ணன் செந்தில்வேலன், கொரியா."